ஸ்பென்சர் சொன்னார், சரி, எங்கே சொன்னார்?

யாரும் திருத்தக்கூடிய இணைய அகராதியான ஆங்கில விக்சனரியில் பல சொற்களுக்குக் கீழே ஒரு சின்னக் கோரிக்கை கிடக்கும்: இந்தப் பொருளுக்குக் கவிஞர் ஸ்பென்சரிடமிருந்து ஒரு மேற்கோள் தர முடியுமா? மில்டன், டிரைடன் போன்ற பழைய ஆங்கிலக் கவிஞர்கள் பெயர்களிலும் இதே மாதிரி நிறைய உண்டு. காப்புரிமை முடிந்துபோன 1913 வெப்ஸ்டர் அகராதியிலிருந்து ஏராளமான பதிவுகளை விக்சனரியின் ஆரம்ப காலத்தில் அப்படியே கொண்டுவந்து ஏற்றியதன் மிச்சம் இது. வெப்ஸ்டர் மேற்கோளைக் கொடுத்துவிட்டு "மில்டன்" என்று முடித்துக்கொள்வார். எந்த நூல், எத்தனையாவது அடி, எந்தப் பதிப்பு, எதுவும் இருக்காது. தெருப்பெயர் இல்லாத தபால் மாதிரிதான். பல இடங்களில் மேற்கோளும் இல்லாமல் பெயர் மட்டும் நிற்கும். இந்தக் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தீர்ப்பது கொஞ்ச காலமாக என் இரவு வேலை.

முதலில் ஸ்பென்சர். 'பிளேட்டன்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஃபேரி குவீன்' காவியத்தில் ஆயிரம் நாக்கோடு அவதூறு பேசித் திரியும் ஒரு மிருகத்துக்கு அவர் வைத்த அடைமொழி இது. நவீன எழுத்துக்கூட்டலில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நூல் பாடத்தில் தேடினால் இடம் உடனே தெரிந்துவிடும்: ஐந்தாம் புத்தகம், பன்னிரண்டாம் காண்டோ (புத்தகத்தின் உட்பிரிவு), 37ஆம் செய்யுள். ஆனால் அங்கிருந்து நகலெடுத்து ஒட்டக்கூடாது. அது பிற்காலப் பதிப்பாசிரியர் திருத்திய பாடம். அதன் தலையில் பதினாறாம் நூற்றாண்டு ஆண்டைப் போடுவது நியாயமில்லை. எந்தப் பதிப்பின் ஆண்டைப் போடுகிறோமோ அதன் பக்கத்தைக் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

அந்த ஆண்டு எது என்பதிலும் கவனம் வேண்டும். முதல் மூன்று புத்தகங்கள் 1590இல் வந்தன. நான்கு முதல் ஆறு வரை 1596இல் இரண்டாம் பாகமாக வந்தன; அந்தப் பாகத்துக்குப் பக்க எண் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். முழுமை பெறாத ஏழாம் புத்தகத்தின் 'மியூட்டபிலிட்டி' காண்டோக்கள் ஸ்பென்சர் இறந்தபின் 1609இல்தான் அச்சேறின. மூன்றாம் புத்தகத்தின் முடிவையே 1596இல் மாற்றிவிட்டார்கள்: பழைய ஐந்து செய்யுள்களை எடுத்துவிட்டுப் புதிதாக மூன்று. நமக்கு வேண்டிய சொல் அந்த ஐந்தில் இருந்தால் 1596 பிரதியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

பழைய பாடத்தில் தேடுவது தனிக் கலை. 'யு' வர வேண்டிய இடத்தில் 'வி', 'வி' வர வேண்டிய இடத்தில் 'யு'. சொல் நடுவில் நெட்டை எஸ், அதாவது பார்க்க 'எஃப்' மாதிரியே இருக்கும் பழைய எஸ். இந்த நெட்டை எஸ்ஸைக் கணினி பெரும்பாலும் 'எஃப்' என்றே படித்துத் தொலைக்கும். அதனால் தேடுபெட்டியில் தெரிந்தே தப்பான எழுத்துக்கூட்டலைப் போட வேண்டியிருக்கிறது. 'ஏர்லி இங்கிலிஷ் புக்ஸ் ஆன்லைன்' என்ற பழைய ஆங்கில நூல்களின் இணையத் தொகுப்பின் நூல்களை மனிதர்களே தட்டச்சு செய்து தந்திருப்பது இங்கே பெரிய உபகாரம். சுமார் 25,000 நூல்களின் பாடம் 2015 ஜனவரி 1 அன்று பொதுவுக்கு வந்தது. பிறகு இன்னும் சேர்ந்தது. படியெடுத்தவருக்குப் படிக்க முடியாமல் போன எழுத்து வரும் இடத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கும். அது வந்தால் ஸ்கேன் படத்தைப் பார்க்காமல் தீராது.

அப்புறம் மில்டன். 'பாரடைஸ் லாஸ்ட்' 1667இல் வந்தபோது பத்துப் புத்தகம். 1674இல் ஏழாவதையும் பத்தாவதையும் இரண்டிரண்டாகப் பிரித்துப் பன்னிரண்டு ஆக்கினார். இன்று எல்லோரும் படிப்பது இந்தப் பன்னிரண்டைத்தான். மில்டனே உருவாக்கிய 'பாண்டமோனியம்' என்ற சொல் இந்தக் காவியத்தில் இரண்டு முறை வருகிறது. முதல் புத்தகம் 756ஆம் அடியில் வருவதில் குழப்பமில்லை. இரு பதிப்பிலும் அதே எண். இன்னொன்று இன்றைய பதிப்புகளில் பத்தாம் புத்தகம் 424ஆம் அடி. 1667 என்று ஆண்டு போட்டுவிட்டுப் பத்தாம் புத்தகம் என்று எழுதினால் தவறு. அந்தப் பதிப்பில் அது ஒன்பதாம் புத்தகம். பழைய பதிவுகளில் ஆண்டு ஒரு பதிப்பிலிருந்தும் புத்தக எண் இன்னொன்றிலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. பார்த்தால் திருத்திவிட்டுப் போவேன், அவ்வளவுதான்.

1667 பிரதியில் பக்க எண் கிடையாது, ஆனால் ஓரத்தில் அடி எண் உண்டு. இது பெரிய ஆறுதல். 1873இல் பிக்கரிங் என்ற பதிப்பாளர் அந்தப் பதிப்பை அதே எழுத்துக்கூட்டலோடு மறுபடி அச்சிட்டார்; அதன் ஸ்கேன் இணையத்தில் இருக்கிறது, தெளிவாகவும் இருக்கிறது. மேற்கோளில் அசல் விவரத்தோடு மறுபதிப்பு விவரமும் வர வேண்டும். பிரபலமான நூல்களுக்கெல்லாம் விக்சனரியில் வார்ப்புரு (நூல் விவரங்களைத் தானே நிரப்பும் ஆயத்தப் படிவம்) தயாராக இருப்பதால் புத்தகம், அடி, வாசகம் மூன்றையும் கொடுத்தால் போதும், மிச்சத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும்.

எவ்வளவு எடுத்துத் தருவது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. 756ஆம் அடியை மட்டும் கொடுத்தால் அது சாத்தானின் தலைநகரம் என்பது பாதிதான் புரியும். 755இல் சபை கூடும் அறிவிப்பு இருக்கிறது, 757இல் 'சாத்தானும் அவன் சகாக்களும்' என்று வாக்கியம் போய் முடிகிறது. மூன்று அடியும் வேண்டும். சொல்லைத் தடித்த எழுத்தாக்க இருபுறமும் மும்மூன்று ஒற்றைக்குறி. அந்தக் கால அச்சில் இயற்பெயர் சாய்வெழுத்தில் இருக்கும் என்பதால் இங்கே சாய்வுக்கும் சேர்த்து ஐந்தைந்து. முன்னோட்டம் பார்க்காமல் சேமித்தால் பக்கம் முழுக்கச் சாய்ந்து நிற்கும்.

ஷேக்ஸ்பியர் சானெட்டுகள் (பதினான்கு அடிக் கவிதைகள்) சுலபம் என்பார்கள். 1609 பதிப்பில் சானெட்டுகளுக்கு எண் இருப்பதால் ஓரளவு உண்மைதான். ஆனால் அதிலும் 116ஆம் சானெட்டுக்கு 119 என்று அச்சாகியிருக்கிறது.

கவிஞர் ஜான் டன்தான் படுத்துவார். 1631இல் இறந்தார், கவிதைத் தொகுப்பு 1633இல் வந்தது. பல கவிதைகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கையெழுத்துப் பிரதிகளில் சுற்றியவை. அகராதியில் மேற்கோள்களைக் கால வரிசையில் அடுக்க வேண்டும் என்பதால் இது முக்கியம். எழுதிய ஆண்டு திட்டமாகத் தெரியாதபோது, 1631க்கு முன் எழுதியது, 1633இல் அச்சானது என்று இரண்டையும் காட்டுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் சில கோரிக்கைகள் தீர்வதில்லை. "மில்டன்" என்றிருந்தால் கவிதையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 1644இல் வந்த 'ஏரியோபஜிட்டிகா' போன்ற உரைநடையாகவும் இருக்கலாம், அதையும் தேடிப் பார்ப்பேன். அங்கும் இல்லையென்றால் கோரிக்கையை அழிக்காமல், எங்கெங்கே தேடினேன் என்று அந்தச் சொல்லைப் பற்றிய விவாதத்துக்கான பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன்.