ஓவர்டியூ

அக்டோபர் 10, வியாழன்

அமெரிக்காவில் இருக்கிற பாப்பா, தான் டென்ட் போடப் போகிற ஏழு நாள் பயண விவரத்தை அனுப்பியிருக்கிறாள். அந்தத் தாளை ஐந்து ரோடு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியாயிற்று. இன்னொரு காப்பி சட்டைப் பையில்.

கடைசியில் சிவப்பு எழுத்தில் அடித்திருக்கிறாள்: "19 சனிக்கிழமை நம்ம ஊர் ராத்திரி 8.30 வரைக்கும் என் மெசேஜ் வரலைன்னா மட்டும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கப்பா. அதுக்கு முன்னாடி கூடாது." 'கூடாது'வுக்கு அடியில் கோடு. கோடு யாருக்கு என்று எனக்குத் தெரியாதா.

அங்கே அப்போது காலை 9 மணி. அந்த நம்பர் பூங்காக் காவலர்களின் ரேஞ்சர் ஆபீஸ், அப்போது திறந்திருக்குமாம். நமக்கும் அவர்களுக்கும் பதினொன்றரை மணி நேரம் வித்தியாசம். பதினொன்றோ பன்னிரண்டோ என்றால் போட்டுக்கொள்ளலாம். இந்த அரைதான் ஒவ்வொரு தடவையும் விரலை மடக்க வைக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஸ்கூட்டர், அரிவாள்மனை, மிக்சி, வேலையில் பாறை சாம்பிள் எடுத்த என் பழைய சுத்தியல். எல்லாவற்றுக்கும் பொட்டு. சுத்தியலுக்கு மட்டும் என் வீட்டுக்காரி, இவள், கொஞ்சம் தள்ளி நின்று வைக்கிற மாதிரி இருந்தது. வருசா வருசம் அப்படித்தானோ, இந்த வருசம்தான் நான் பார்க்கிறேனோ.

பொரி கடலை தின்றுகொண்டிருக்கும்போது வீடியோ கால். ஏதோ பெரிய கடையில் பாப்பா நிற்கிறாள். பின்னால் தண்ணீர்க் கேன் அடுக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்கிறாள். குடிக்க, சமைக்க, எல்லாம் அதற்குள். ஏழு பேர், ஏழு நாள். 196 லிட்டர். நம் வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் கேன் கணக்கில் பத்து. இரண்டு வண்டிக்கும் சேர்த்துப் பத்து கேன், அவ்வளவுதான். வழியில் குழாய் கிடையாது, கடை கிடையாது. சில ஊற்றுகள் இருக்கின்றனவாம், ஆனால் நம்பிப் போகக் கூடாதாம்.

"ஒண்ணு ஓட்டையானா?"

"அப்பா."

"கேக்கறேன்."

"ரெண்டு கேன் சேர்த்தே எடுக்கறோம்பா."

மேட்டூர்த் தண்ணி வராத வாரம் வந்தால் அஞ்சு குடத்தில் வீட்டை ஓட்டிய அம்மாவின் பெண்தான். ஆனாலும்.

அக்டோபர் 12, சனி

இரவு 9.40. "கிளம்பறோம்பா. இனிமே சிக்னல் இல்ல."

அதற்கப்புறம் நான் அனுப்பிய மூன்றுக்கும் ஒற்றை டிக்.

அக்டோபர் 13, ஞாயிறு

தாளை வைத்துக்கொண்டு மேப் பார்த்தேன். தார் ரோட்டை விட்டு இறங்கி மண் ரோட்டில் 46 மைல் போனால் ஹான்ஸ் ஃபிளாட். 74 கிலோமீட்டர். அதாவது சேலத்திலிருந்து தர்மபுரி தாண்டி, ஒரு டீக்கடைகூட இல்லாமல். அங்கேதான் அந்த ரேஞ்சர் ஆபீஸ். அதற்கப்புறமும் 3 மணியிலிருந்து 6 மணி நேரம் ஜீப் பாதை. நடுவில் ஃபிளின்ட் டிரெயில் என்று ஒரு இறக்கம், களிமண் வளைவுகள். மழை பெய்தால் வண்டி ஏறாது. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி ஏறிய எனக்கு வளைவு பயமில்லை. களிமண்தான்.

அந்த இடத்துக்குப் பெயரே 'மேஸ்'. சிக்கு மாதிரிப் பாதையாம். 1964-இல் தேசியப் பூங்காவாக்கிய கேன்யன்லேண்ட்ஸில் ஆள் குறைவாகப் போகும் மூலை அது. ஆள் குறைவாகப் போகும் மூலைதான் பாப்பாவுக்கு வேண்டும். எட்டாவது படிக்கும்போது அண்ணா பூங்காவுக்குக் கூப்பிட்டால் கூட்டம் என்று வரமாட்டாள்.

15, 16 இரவுகள் தங்குவது 'டால் ஹவுஸ்' என்ற இடத்தில். பொம்மை வீடு. வாத்தியார் வீட்டம்மா நேற்றுத்தான் கொலுப் பொம்மையைப் படுக்க வைத்தார்கள்.

இவளிடம் கழிப்பறை விஷயம் சொன்னேன். அங்கே குழி தோண்டிப் புதைக்கக் கூடாது. பெட்டியோ பையோ கொண்டுபோய், அதில் போய், அதையும் வண்டியில் திருப்பிக் கொண்டுவர வேண்டும். விதியாம்.

"ஏங்க, ஏழு பேரோடதுமா?"

"ஏழு பேரோடதும்."

ரொம்ப நேரம் சிரித்தாள். அப்புறம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம பாப்பா வீட்டுல குப்பைக் கூடையத் தொட மாட்டா" என்றாள்.

இன்னொன்றும் உண்டு. மண் மேலேயே கருப்பாகப் பொருக்குத் தட்டியிருக்குமாம், உயிருள்ள பொருக்கு. நுண்ணுயிர்கள் மணலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு தரம் மிதித்தால் ஆறுவதற்குப் பல பத்து வருசம். பாறை மேல் நட, ஓடை மணலில் நட, கருப்பில் கால் வைக்காதே என்பது சட்டம். சரி, ஓடை மணலில் நடக்கலாம். படுக்கக் கூடாது. மெத்தென்று இருக்கும், டென்ட் போட ஆசை வரும். மேடு பார்த்துப் போடு என்று சொன்னேனா? சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அவள் தலையாட்டினாள், ஆனால் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

மழை இங்கே பெய்ய வேண்டியதில்லை. திருமணிமுத்தாற்றைப் பார்த்தவனுக்குத் தெரியும். ஊர் காய்ந்து கிடக்கும், மலையில் கொட்டியிருக்கும், ராத்திரி பாலத்தடியில் சத்தம் கேட்கும்.

அக்டோபர் 14, திங்கள்

வெளிநாட்டுக் கால் பேசுகிற பேக் போட்டாயிற்று. பேசத்தான் தெரிய வேண்டும்.

31 வருசம் கம்பெனியில் இங்கிலீஷ் படித்தேன், எழுதினேன். சாம்பிள் நம்பர், ஆழம், நிறம், "ரெட்டிஷ் பிரவுன், ஹார்ட்". யாரோடும் பேசியதில்லை. பாப்பாவிடம் ஏன் என் பெயரைப் போட்டாய், மாமா பையனைப் போட்டிருக்கலாமே என்றதற்கு, "அவன் மறந்துடுவான். நீங்க மறக்க மாட்டீங்க" என்றாள்.

வாத்தியார் வீட்டம்மாவிடம் போனேன். ரிட்டையர் ஆன இங்கிலீஷ் டீச்சர். எழுதிக்கொண்டு போனதை வாசித்தேன்: மை டாட்டர் இஸ் இன் தி மேஸ். ஷீ இஸ் லேட்.

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "லேட்னு சொல்லாதீங்கோ. ஷீ இஸ் லேட்னா..."

புரிந்தது. கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பேருக்கு முன்னால் போடுகிறோமே, அந்த லேட்.

"ஓவர்டியூ. ஷீ இஸ் ஓவர்டியூ. அப்படித்தான் சொல்லணும்."

கூட்டுறவு சங்க நகைக்கடன் நோட்டீசில் பார்த்த சொல். தவணை தப்பியது. சரி, தவணை தப்பியவளாகவே இருக்கட்டும். ஷீ இஸ் ஓவர்டியூ. குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். இவள் வெளியிலிருந்து "யாருகிட்டங்க பேசறீங்க?" என்றாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

தேடியிருக்கக் கூடாது.

ஆரன் ரால்ஸ்டன். 2003 ஏப்ரல் 26. ப்ளூஜான் கேன்யன், மேஸுக்கு அடுத்த பிரதேசம்தான். தனியாக ஒரு இடுக்கில் இறங்கியிருக்கிறான். பாறை நழுவி வலது கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. 127 மணி நேரம். ஐந்து நாள் கழித்துத் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு நடந்து வெளியே வந்திருக்கிறான். மழுங்கிய சின்னக் கத்தி. எங்கே போகிறேன் என்று ஒருத்தரிடமும் சொல்லாமல் போனதுதான் அவன் செய்த தப்பு என்று போட்டிருக்கிறது.

வாத்தியாரிடம் சொன்னால், "அது படமாவே வந்துடுத்தே சார், நம்ம ரகுமான் மியூசிக்" என்கிறார். என்னவோ நல்ல சேதி மாதிரி.

பாப்பா சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். தாள் இருக்கிறது. ஏழு பேர் இருக்கிறார்கள். ஒரு பையனிடம் சேட்டிலைட்டில் செய்தி அனுப்புகிற கருவி இருக்கிறது, ஆபத்துக்கு மட்டும். ஆக, சேதி வராவிட்டால் ஆபத்து இல்லை. ஆனால் கருவி கீழே விழுந்து உடைந்திருந்தாலும் சேதி வராது.

இவள் போனைப் பிடுங்கி அரிசி டப்பா மேல் வைத்துவிட்டாள்.

அக்டோபர் 16, புதன்

மழை. கேன்காரன் வரவில்லை. மேற்கே வால் நட்சத்திரம் தெரிகிறதாம், பேப்பரில் போட்டிருக்கிறது. இங்கே மேகம். அவள் பார்த்திருப்பாள். ராத்திரி அங்கே 6, 7 டிகிரி. தொப்பி எடுத்துப் போனாளா?

அக்டோபர் 17, வியாழன்

ஐப்பசி முதல் நாள். ஏற்காட்டு மலைக் கோயிலுக்குப் போய் சேர்வராயனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். இவளிடம் நீயும் வாயேன் என்றேன். "அந்த மலைக்கு நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். 'அந்த' மலை.

குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். இடுப்பு முன்போல வளையவில்லை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். பூசாரி தீபம் காட்டும்போது பெயர், நட்சத்திரம் கேட்டார். சொன்னேன். எந்த ஊரில் இருக்கிறாள் என்றார். ஊர் இல்லை சாமி, பாறையில் இருக்கிறாள் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார்.

வெளியே வந்தால் 5,300 அடி உயரத்தில் மொட்டை மேடு, காற்று. அந்தக் காலத்தில் எங்கள் டென்ட் போட்டிருந்த மேடு வரைக்கும் நடந்தேன். 1991. காக்கி கான்வாஸ், ஆறு பேர், 40 நாள். மேட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து குழி வெட்டி, முழத்துக்கு முழம் அலுமினியத் தாதுவான பாக்சைட் சாம்பிள் எடுத்துப் பையில் போட்டுக் கட்டுவோம். மழை வந்தால் டென்டைச் சுற்றி வாய்க்கால். அப்படியும் ஒரு ராத்திரி நடுக்கம்பு சாய்ந்து ஈரக் கான்வாஸ் மொத்தமும் எங்கள் மேல். ஆறு பேரும் அடியில் படுத்தபடியே விடியும் வரை சிரித்தோம். எழுந்து நின்றால்தானே தூக்கிக் கட்ட. பல்லில்கூடச் சிவப்பு மண்.

இந்த மண் மழையால் ஆன சிவப்பு. அடியில் இருப்பது கருங்கல் மாதிரி சார்னகைட். மழை லட்சக்கணக்கான வருசம் அதிலிருந்த சிலிக்காவை, மணலின் சத்தை, கரைத்துக்கொண்டு போக, அலுமினியமும் இரும்பும் மேலே தங்கிவிட்டன. அவள் இருக்கிற இடத்தில் ஆண்டு மழையே 9 அங்குலம்தான். ஏற்காட்டில் ஒரு நல்ல மாதத்து மழை. அங்கே பாறை சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருக்கிறது. சிவப்புப் பட்டை பழைய மலைகளிலிருந்து வெள்ளம் அடித்துவந்த இரும்பு கலந்த வண்டல். வெள்ளை, கடலோரத்து மணல்மேடு. 25 கோடி வருசத்துக்கும் மேலே. போட்டோவைப் பார்த்ததும் கை சுத்தியலைத் தேடியது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் "நீங்களும் வாங்கப்பா" என்பாள், அப்புறம் இடுப்பு.

இறங்குகிற வழியில் ஒரு தோட்டத்தில் கலர் கலராக டென்ட். நாள் வாடகையாம். காலேஜ் பையன்கள், ஸ்பீக்கர். ஓடை பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "தம்பி, மேட்டுல போடுங்கப்பா" என்றேன். "சரிங்க அங்கிள்" என்று ஒருத்தன் கையாட்டினான். யாரும் நகரவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிவப்புத் தண்ணி ஜலதாரையில் ஓடுகிறது. தலை நிமிராமல் சொன்னாள்.

"சனிக்கிழமை வந்துடறேன்னுட்டுப் போனீங்க. மூணு சனிக்கிழமை. அஸ்தம்பட்டில போய் நின்னேன். ஏற்காட்டு பஸ் கடைசி பஸ் வரைக்கும். உங்கம்மாகிட்ட காய் வாங்கப் போனேன்னு சொல்லுவேன். காய் வாங்காம எப்படிப் போறது, அதனால ஒவ்வொரு தடவையும் ஒரு முள்ளங்கிக் கட்டு."

பாதை சரிந்து கம்பெனி ஜீப் வரவில்லை, அதுதான் காரணம். அதை 33 வருசம் முன்னாலேயே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"வந்ததும் என்ன சொன்னீங்க தெரியுமா? 'முள்ளங்கி சாம்பாரா'ன்னீங்க."

செருப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்றைக்குப் பருப்புக் குழம்பு. நான் ஒன்றும் கேட்கவில்லை.

அங்கே பக்கத்திலிருக்கிற ஹாங்க்ஸ்வில் என்ற ஊருக்கு வானிலை பார்த்தேன். போனில் மேகப் படம், கீழே மூன்று நீலச் சொட்டு. களிமண்.

அக்டோபர் 19, சனி

காலை 6. அங்கே வெள்ளி மாலை 6.30. வெளியே வந்திருக்க வேண்டும். ஒற்றை டிக்.

9.15. ஒற்றை டிக்.

12.00. அங்கே நடுராத்திரி தாண்டிவிட்டது. வண்டி ஓட்ட மாட்டார்கள். படுத்திருப்பார்கள். தண்ணீர்க் கணக்கு: இரண்டு கேன் அதிகம் எடுத்தார்கள், 40 லிட்டர், ஏழு பேருக்கு ஒன்றரை நாள் நெருக்கிப் பிடித்தால் இரண்டு. சரிதான். சரியாகத்தான் இருக்கிறது.

4.30. டீச்சரம்மா வந்து நான் பக்கத்தில் இருக்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்.

7.50. இவள் சாப்பாடு போடவில்லை, நானும் கேட்கவில்லை.

8.24. கோடு போட்டிருக்கிறாள். முன்னாடி கூடாது.

8.31. அடித்தேன். நாலாவது மணியில் எடுத்தார்கள். ஒரு பெண். நான் சொல்லிவிட்டேன், ஒரு சொல் தடுக்கவில்லை, ஷீ இஸ் ஓவர்டியூ. அவள் பதறவில்லை. ராத்திரி அங்கே மழை, ஃபிளின்ட் டிரெயில் ஈரம் என்கிற மாதிரி ஏதோ சொன்னாள், பாதிதான் பிடிபட்டது. பிறகு பெயர் கேட்டாள். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். லாஸ்ட் நேம் என்றாள். என் பெயரைச் சொன்னேன். இல்லை சார், உங்கள் பெயர் இல்லை, உங்கள் மகளின் லாஸ்ட் நேம் என்றாள். அதுதான், அதேதான் என்றேன்.

ஹோல்ட் பண்ணச் சொல்லியிருக்கிறாள். போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. கை சும்மா இருக்க மாட்டேனென்கிறது, எழுதுகிறேன். இவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்கிறது