மூன்றாமவர் கேட்டது

ஜூன் 3
எங்கள் கட்டுரை பற்றி ஆய்விதழிலிருந்து மடல் வந்துவிட்டது. முதல் இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கும் பிரச்சினை இல்லை. மூன்றாமவருக்கு ஒரே கேள்வி. செல் விளிம்பைச் சுற்றியுள்ள பட்டை தடித்திருக்கிறது, சரி. இழுவிசை கூடியிருக்கிறது என்பதற்கு என்ன சான்று?

ஜூன் 4
அம்மா தேதி கேட்கிறாள்.

ஜூன் 6
எரிச்சல் அடங்கவில்லை. படங்களைத் திறந்து திறந்து பார்க்கிறேன். நம் புரதத்தை எடுத்துவிட்ட செல்களில், மேல் விளிம்பைச் சுற்றி ஆக்டின் இழைகளும் அவற்றை இழுக்கும் மயோசினும் சுருக்குப்பைக் கயிறு போலத் தடித்துக் கிடக்கின்றன. இசட்ஓ-1, இசட்ஓ-2 என்ற இரண்டு சந்திப்புப் புரதங்களையும் குறைத்து இதே போன்ற தடிப்பை ஃபானிங் குழு 2012இலேயே காட்டிவிட்டது. செல்களின் சந்திப்பில் இருக்கும் புரதத்தைக் குறைத்தால் எல்லாம் தளரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பதோ நேர்மாறு. பாடப்புத்தகங்கள் இன்னும் இவற்றை வெறும் பசை என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு இழுக்கலாம் என்று மயோசினுக்குக் கடிவாளம் போடுவதும் இவைதானே!

ஜூன் 7
தூக்கம் இல்லை. யோனெமுரா குழுவின் 2010 கட்டுரையை மறுபடி படித்தேன். மயோசின் இழுக்க, சந்திப்பை ஆக்டினோடு இணைக்கும் ஆல்ஃபா-கேட்டெனின் என்ற புரதம் விரிகிறது. மறைந்திருந்த இடம் வெளியே தெரிகிறது. அங்கே வின்குலின் என்ற இன்னொரு புரதம் வந்து பிடித்துக்கொள்கிறது. இழுக்க இழுக்கப் பிடி வலுக்கிறது. எத்தனை முறை படித்தாலும் அலுக்கவில்லை.

ஜூன் 9
மயோசின் கூடி நிற்பது வேறு, இழுப்பது வேறு. மூன்றாமவர் விவரமான ஆள். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூன் 11
லேசர் அறை இரவில்தான் கிடைக்கும்.

ஜூன் 12
அறுத்தாயிற்று. இரண்டு செல்கள் சேரும் கோட்டின் நடுவில் லேசரைக் குறிவைத்தேன். கோடு அறுந்ததும் அதன் இரு முனைகளும் எதிரெதிரே விலகின. சாதாரண செல்களில் சோம்பலாக, நம் செல்களில் வெடுக்கென்று. கணக்கில் சேர்வது முதல் சில நொடிகள்தான். பிறகு செல் காயத்தை மூடத் தொடங்கிவிடும். இவை 1958இல் ஒரு காக்கர் ஸ்பானியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களின் வழிவந்தவை. நாய் போய் எத்தனை காலமாயிற்று! செல்கள் இன்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன.

விடியும்வரை சந்தோஷம். அப்புறம் ஒரு நினைப்பு: விலகும் வேகம் இழுவிசையை மட்டும் பொறுத்ததல்ல, செல்லுக்குள் இருக்கும் பாகுத்தன்மையையும் பொறுத்தது. அதையும் கேட்பார்.

ஜூன் 13
கேட்டால் என்ன பதில்? மயோசினை நிறுத்திவிட்டு அறுக்க வேண்டும். மயோசினை முடக்கும் பிளெபிஸ்டாட்டின் என்ற மருந்தைப் போடலாம். நீல ஒளி பட்டால் அது கெட்டுவிடும், செல்லுக்கும் நஞ்சாகும். ஆனால் செல்களின் சந்திப்பைக் காட்டும் நம் ஈ-கேட்ஹெரின் புரதம் பச்சையாக ஒளிரவே நீல ஒளிதான் வேண்டும். யார் போட்ட முடிச்சோ இது. சிவப்பாக ஒளிரும் செல்களைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஜூன் 14
பதில் இல்லை.

ஜூன் 15
தேதி குறித்துவிட்டார்களாம். என்னைக் கேட்காமலேயே. அம்மாவின் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. டிக்கெட் பார்க்க வேண்டும்.

ஜூன் 16
மேடம் ஒய்-27632 என்ற வேறு மருந்தைப் போடச் சொல்கிறார். நீல ஒளித் தொல்லை இருக்காது. ஆனால் அது அடக்குவது மயோசினைத் தூண்டிவிடும் ரோ கைனேஸ் என்ற நொதியை. மயோசின் அதன் வழியாகத்தான் அடங்கும், நேரடியாக அல்ல. மூன்றாமவர் விடுவாரா?

ஜூன் 18
மருந்து போட்ட செல்களில் பட்டை மெலிந்துவிட்டது. அறுத்தால் முனைகள் அசைவதே இல்லை போலிருக்கிறது. இன்னும் அளக்கவில்லை. இன்று இரவும் அறை எனக்குத்தான்.