கால் வலி என்று போனேன், நெஞ்சைப் பற்றிப் பேசினார்

நடக்கத் தொடங்கிய நான்கு நிமிடத்தில் வலது கெண்டைக்கால் இறுகிக்கொள்ளும். நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால், ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். மூட்டுத் தேய்மானம் என்று நானே முடிவு செய்து எட்டு மாதம் களிம்பு தேய்த்தேன். நின்றால் போய்விடுகிற வலியை யார் பெரிதுபடுத்துவார்கள்? அந்தக் கணக்குதான் துப்பு என்றார் மருத்துவர். மூட்டு வலி இத்தனை ஒழுங்காக வந்து போகாதாம்.

சோதனைக்கு ஊசிகூட இல்லை. பத்து நிமிடம் படுக்கவைத்து, இரு கைகளிலும் இரு கணுக்கால்களிலும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ரத்த ஓட்டத்தை ஓசையாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை இடது பாதத்தில் வைத்ததும் ‘உஷ், உஷ்’ என்று ஓசை. வலது பாதத்தில் செவிலியர் நாடியைத் தேடித் தேடி அலுத்துப்போனார். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 1-ஐ ஒட்டி வர வேண்டும், 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் புறத்தமனி நோய், அதாவது கால் தமனியில் கொழுப்பு படிந்து ரத்த ஓட்டம் குறைவது. எனக்கு 0.62.

“காலை எடுக்க வேண்டி வருமா?” என்றேன்.

“எனக்கு உங்கள் இதயத்தைப் பற்றித்தான் கவலை” என்றார். கொழுப்புப் படிவு கால் தமனியோடு நிற்பதில்லை. இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களிலும் படியும். இந்த நோயாளிகளில் காலை இழப்பவர்களைவிட மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறப்பவர்களே அதிகமாம். எனக்குக் கோபம் வந்தது. நெஞ்சு ஒருநாளும் வலித்ததில்லை, இசிஜியும் ஒழுங்காகத்தான் இருந்தது. அதைச் சொன்னேன்.

“படுத்திருக்கும்போது எடுத்தது அது. நெஞ்சு வலிக்கிற அளவுக்கு நீங்கள் எங்கே நடக்கிறீர்கள்? கால்தான் முன்பே நிறுத்திவிடுகிறதே.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின், ரத்தம் கட்டாமல் இருக்க குளோபிடோகிரெல் என்று மாத்திரைகள் வந்தன. விழுங்குவதில் என்ன சிரமம்? சிகரெட்தான் படாத பாடு படுத்தியது. முப்பது ஆண்டுப் பழக்கம். நிக்கோட்டின் பட்டை ஒட்டிக்கொண்டும் இரண்டு முறை வழுக்கினேன். மூன்றாவது முறை விட்டது விட்டதுதான்.

நடைப்பயிற்சி விசித்திரமான வைத்தியம். வலி நன்றாகப் பிடிக்கும்வரை நடக்க வேண்டும், நின்று ஆற விட வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து முக்கால் மணி நேரம், வாரத்தில் மூன்று நாளாவது. முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை, எரிச்சல்தான் மிச்சம். பன்னிரண்டாவது வாரத்தில் பத்து நிமிடம் நிற்காமல் நடந்தேன். அடைப்பு கரைந்துவிடவில்லை, கிடைக்கிற ரத்தத்தைக் கொண்டு சமாளிக்கத் தசை பழகியிருக்கிறது.

இப்போது கூடுதலாக நடப்பதால், நெஞ்சில் இறுக்கமோ மூச்சு வாங்கலோ வந்தால் உடனே நின்று தெரிவிக்கச் சொல்லியிருக்கிறார். பத்தாவது நிமிடத்தில் கால் பிடிக்கும்போது, என் கை தானாக நெஞ்சுக்குத்தான் போகிறது.