ஏழாம் வகுப்பும் பகல் நிலாவும்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

"நிலா ஏன் தேயுது, வளருது?" என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர், "பூமியோட நிழல் விழுது மிஸ்" என்றார்கள். மறுக்கவில்லை. பலகை ஓரத்தில் அதை எழுதிக் கட்டம் போட்டு வைத்தேன். புத்தகப் படத்தை இப்போதே காட்டினால் எல்லாரும் தலையாட்டுவார்கள். மண்டைக்குள் நிழல் மட்டும் நகராது.

பிப்ரவரி 5, புதன்

இன்று அரைநிலா. நாலு மணிக்கு மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். வெயிலில் நிலா தெரியும் என்பதையே சிலர் நம்பவில்லை. கிழக்கே உயரத்தில் நிலா, மேற்கே சூரியன்.

"உங்க நிழல் எங்க விழுது?" என்று மட்டும் கேட்டேன். குனிந்து பார்த்தார்கள். கிழக்குப் பக்கம், தரையில். கொஞ்ச நேரம் கசமுசா. வகுப்பில் வாயே திறக்காத பெண் சொன்னாள்: "பூமி நிழலும் அந்தப் பக்கம் கீழதானே மிஸ் போகணும்? நிலா மேல இருக்கே!"

அதேதான். சூரியன் தொடுவானத்துக்கு மேலே இருக்கும்வரை பூமியின் நிழல் அதற்குக் கீழேதான். பென்சிலில் செருகிய களிமண் உருண்டையை நிலாவுக்கு நேராக வெயிலில் நீட்டச் சொன்னேன். உருண்டையிலும் பாதி வெளிச்சம், நிலாவில் ஒளிர்ந்த அதே பக்கம். ஒற்றைக் கண்ணை மூடி மாறி மாறிப் பார்த்தார்கள். மணி அடித்தும் யாரும் நகரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

மேகம். 'பாடம் எப்போது முடியும்?' என்று ஆசிரியர் அறையில் விசாரணை வேறு.

பிப்ரவரி 10, திங்கள்

கட்டத்தை அழிக்கப் போனேன். ஒருவன் விடவில்லை: "சந்திர கிரகணத்துல பூமி நிழல்தானே விழுது? அப்போ பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏன் கிரகணம் வரல?"

இந்தக் கேள்விக்காக ஒரு வாரப் பாடத்தையே விட்டுக்கொடுக்கலாம். கூடைப்பந்து பூமி, டென்னிஸ் பந்து நிலா. எவ்வளவு தூரத்தில் பிடிப்பது? எல்லாரும் ஒரு கை நீளம்தான் விட்டார்கள். நிலாவின் தூரம் 3,84,400 கி.மீ.; பூமியின் விட்டத்தைப்போல் 30 மடங்கு. கணக்குப் போட்டால் ஏழு மீட்டருக்கு மேல். பந்தோடு வகுப்பின் எதிர்ச்சுவர் வரை போக வேண்டியிருந்தது. பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்வு என்றேன். நூல் கட்டி அளந்தார்கள்: அங்கே பந்து 60 செ.மீ.க்கு மேல் ஏறலாம், இறங்கலாம். நிழலோ போகப்போக ஒடுங்கி, அவ்வளவு தூரத்தில் கூடைப்பந்தின் அகலம்கூட இருக்காது. "தப்பிச்சிடும் மிஸ்!"

பிப்ரவரி 13, வியாழன்

நேற்று பௌர்ணமி, கிரகணம் இல்லை. அதே பையன் காலண்டரோடு வந்தான்: "மார்ச் 14 முழு கிரகணம்னு போட்டிருக்கே, அன்னைக்கு மட்டும் எப்படி மாட்டும்?" நூலை அவனிடமே கொடுத்தேன். நிலாவின் சாய்ந்த பாதை எங்கே பூமி சுற்றும் தளத்தை வெட்டுகிறது என்று கண்டுபிடித்து வரட்டும்.