ஒரே ரத்தப் பரிசோதனைக்கு மூன்று முறை கை நீட்டினேன்

டாக்டர் சீட்டில் எச்எல்ஏ-பி27 (முதுகை இறுக்கும் ஒரு வகை வாதத்தோடு தொடர்புள்ள ஜீன் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) என்று எழுதிக் கொடுத்தால் உடனே லேபுக்கு ஓடாதீர்கள். நான் ஓடினேன். ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்க்க 18 நாள் ஆயிற்று.

அதற்கு முந்தைய ஆறு வருடக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். இடுப்பு வலி, டிஸ்க் என்றார்கள், பெல்ட், தைலம், டிராக்‌ஷன். காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடியாது. கொஞ்சம் நடந்தால் தேவலை, படுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறைகிற வலி பெரும்பாலும் டிஸ்க் இல்லை என்று கடைசியில் ஒரு ரூமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாத டாக்டர், சொன்னார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. தெரிய வருடக்கணக்கில் ஆகலாமாம்.

முதல் தடவை லேபில் இருந்த பையன் சிவப்பு மூடி ட்யூபில் ரத்தம் எடுத்தான். நான்கு நாள் கழித்து போன்: "சாம்பிள் ரிஜெக்ட் ஆயிடுச்சு சார்." இந்தப் பரிசோதனைக்கு வெள்ளை அணுக்கள் வேண்டும், ரத்தம் உறையக் கூடாது. ஊதா மூடி ட்யூப்தான் சரி. ஊசி போடும் முன் மூடியின் நிறத்தைப் பாருங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

இரண்டாவது தடவை ஊதா மூடிதான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் போனேன். பெரிய லேப் வேறு ஊரில். ஞாயிறு கொரியர் கிடையாது. அவர்கள் செய்வது செல்களை ஒவ்வொன்றாக ஆராயும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். திங்கள் மதியம் போய்ச் சேர்ந்தபோது செல் செத்துவிட்டதாம். பிறந்ததிலிருந்து மாறாத, சாகும்வரை மாறப்போகாத ஒரு ஜீனைப் பார்ப்பதற்கு இரண்டு நாள்கூடத் தாங்காத செல்லையா நம்புவது என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

அதைவிடப் பெரிய கோபம் கவுன்ட்டரில் வந்தது. "புது பில் போடணும் சார்." இரண்டு ரிஜெக்ட் மெசேஜையும் காட்டி, மேனேஜர் வரும்வரை நகர மாட்டேன் என்று நின்றேன். முக்கால் மணி நேரம். டிஎன்ஏவை நேரடியாகப் பார்க்கும் பிசிஆர் முறையும் அவர்களிடமே இருந்தது. ஒரு நாள் தாமதமானாலும் அதில் கெட்டுப்போகாது. விலை கூடுதல். கூடுதல் பணம் வாங்காமல் அதையே செய்து கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் மூன்றாவது முறை கை நீட்டினேன்.

பாசிட்டிவ்.

எம்ஆர்ஐ சென்டரில் பழக்கதோஷத்தில் முதுகெலும்பை எடுக்கப் பார்த்தார்கள். சீட்டில் இருந்தது இடுப்புக்குக் கீழே உள்ள சாக்ரோஇலியாக் மூட்டு. நல்லவேளை, படுப்பதற்கு முன்பே கேட்டேன். அங்கே வீக்கம் இருந்தது. சிகிச்சை தொடங்கியாயிற்று.

வீட்டில்தான் வேறு பிரச்சினை. இது பரம்பரையாக வருவது என்றதும் அம்மா முகம் வாடிவிட்டது. அவருடைய அப்பா நடு வயதிலேயே கூன் விழுந்து தரையைப் பார்த்தே நடந்தவர். மண்டியில் மூட்டை தூக்கியதால் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இப்போது யாரால் சொல்ல முடியும்?

தம்பிக்கு வலி எதுவும் இல்லை, ஆனால், "அண்ணே, நானும் டெஸ்ட் எடுத்துரட்டுமா?" என்று நச்சரித்தான். டாக்டர் வேண்டாம் என்றார். ஆறாவது குரோமோசோமில் இருக்கும் இந்த ஜீன், கிருமியின் துண்டுகளை செல்லின் மேல் ஏந்தி எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டும் புரதத்தின் ஒரு ரகத்தை உண்டாக்குவது. இதற்கும் முதுகை இறுக்கும் இந்த வாதத்துக்கும் உள்ள தொடர்பு 1973லேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் இந்த ஜீன் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. இல்லாத சிலருக்கு வருகிறது. தம்பிக்கு இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஜீன் இருந்தாலும் வலி வரும்வரை மருந்து தரப் போவதில்லை. காலையில் இடுப்பு பிடித்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ (இந்த வாதம் கண்ணையும் தாக்கலாமாம்) வரட்டும் என்றார்.

கண் எனக்குத்தான் சிவந்தது, போன மாதம். வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "ஒரு பி27 பார்த்துடலாம்" என்று சீட்டை எடுத்தார். போனில் வைத்திருந்த ரிப்போர்ட்டை நீட்டினேன். ஒரு முறை பார்த்தால் ஆயுசுக்கும் போதும். அவர் சீட்டை மூடி வைத்துவிட்டு, சொட்டு மருந்து மட்டும் எழுதினார்.