அக்னிவீர் தேர்வு: காசு கொடுத்து வாங்கிய தப்பு விடைகள்

ராணுவத்தில் சேர்வதற்கான அக்னிவீர் ஜிடி (ஜெனரல் டியூட்டி, அதாவது பொதுப்பணி) எழுத்துத் தேர்வு ரிசல்ட்டில் என் நம்பர் வந்துவிட்டது. சந்தோஷம்தான், ஆனாலும் பயிற்சி மையத்தில் கொடுத்த அறிவியல் மெட்டீரியலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. விண்ணப்பம், அட்மிட் கார்டு எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தது.

ஃபீஸ் போக மெட்டீரியலுக்குத் தனியாக வாங்கினார்கள். எல்லாம் ஒருவரி வினா விடை, அப்படியே மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். வண்டியில் பின்னால் வருவதைப் பார்க்க எந்த ஆடி என்ற கேள்விக்கு 'குழி ஆடி' என்று அச்சடித்திருந்தது. தங்கையின் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து ஒளியியல் பாடத்தைப் புரட்டினால், அது குவி ஆடி. பிம்பம் சிறிதாக விழும், அதனால் அதிக இடம் கண்ணுக்குத் தெரியும். குழி ஆடி பல் டாக்டர் வைத்திருப்பது. சந்தேகம் வந்து மற்ற பக்கங்களையும் பார்த்தேன். எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய ரத்தம் ஏபி என்று போட்டிருக்கிறது! கொடுப்பது ஓ, எல்லோரிடமும் வாங்கிக்கொள்வதுதான் ஏபி. ஸ்கர்விக்கு வைட்டமின் டி, ரிக்கெட்ஸுக்கு சி என்று அதுவும் இடம் மாறிக் கிடந்தது.

புத்தகத்தையும் மெட்டீரியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அங்கிருந்த சார் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, இத்தனை வருஷமா இதைப் படிச்சுதான் பசங்க பாஸ் ஆகுறாங்க, போய் கிரவுண்டுல ஓடுற வழியைப் பாருங்க" என்றார்.

இது சின்ன விஷயம் இல்லை. 50 கேள்வி, 100 மார்க், ஒரு மணி நேரம். சரியென்றால் 2 மார்க், தப்பென்றால் அரை மார்க் கழியும். தெரியாத கேள்வியை விட்டுவிட்டால் போவது 2 மார்க்; தப்பான விடையை மனப்பாடம் செய்தவன் யோசிக்காமல் டிக் செய்வான், அவனுக்குப் போவது இரண்டரை. உடல்தகுதித் தேர்வுக்காக விடிகாலையில் எழுந்து 1.6 கிலோமீட்டர் ஓடிப் பழகுகிற பையனுக்கு இதைவிட வேறு துரோகம் வேண்டாம்.

அப்புறம் நான் அந்த மெட்டீரியலைத் தொடவே இல்லை. ஆறு முதல் பத்து வரை சமச்சீர் அறிவியல் புத்தகங்கள், அவ்வளவுதான், பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது. 2025 முதல் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பதால் முடுக்கம், உந்தம், அடர்த்தி என்று பள்ளியில் படித்த சொற்கள் நன்றாகவே கைகொடுத்தன. ஒன்பதாம் வகுப்பில் வைட்டமின் அட்டவணை, பத்தாம் வகுப்பில் ரத்த ஓட்டம், இரண்டையும் விடாதீர்கள். டெங்கு வைரஸ், டைபாய்டு பாக்டீரியா, மலேரியா புரோட்டோசோவா என்று நோய்களைக் கிருமியோடு சேர்த்தே படியுங்கள். அலகுகளைக் காரணத்தோடு படியுங்கள்: ஒரு கிலோவாட் மணி 36 லட்சம் ஜூல், ஏனென்றால் 1000 வாட்டை 3600 நொடியால் பெருக்குகிறோம். நிலவில் எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை மாறாது. ஆப்ஷனில் இரண்டையும் குழப்பிக் கொடுத்தாலும் காரணம் தெரிந்தவன் தடுமாற மாட்டான்.

அந்த மையத்தில் இந்த வருஷமும் அதே பதிப்பைத்தான் கொடுக்கிறார்களாம், ஊர்த் தம்பிகள் சொன்னார்கள். உங்கள் கையில் எந்த மையத்து மெட்டீரியல் இருந்தாலும் சரி, ஆடி, ரத்த வகை, வைட்டமின் மூன்றையும் முதலில் பள்ளிப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்று தப்பாக இருந்தாலும் மற்ற பக்கங்களை நம்பாதீர்கள்.