இத்தாலிய வினையில் அழுத்தம் எங்கே விழும்?

இத்தாலியச் சொற்களில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம். ஆனால் வழக்கமான வினைகளின் நிகழ்கால 'அவர்கள்' வடிவம் இதற்கு அடங்காது. 'நான் வசிக்கிறேன்' என்பது ஆ-பி-தோ, அழுத்தம் 'ஆ'வில். 'அவர்கள் வசிக்கிறார்கள்' என்றால் ஆ-பி-த-னோ. அசை ஒன்று கூடினாலும் அழுத்தம் அதே 'ஆ'வை விட்டு நகராது! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

'நாம்', 'நீங்கள்' வடிவங்களில் அது விகுதிக்குப் போய்விடும்: பர்-லியா-மோ, பர்-லா-தே.

எழுத்தில் பொதுவாகக் கடைசி அசை அழுத்தத்துக்கு மட்டுமே குறி உண்டு. குறியில்லாத பார்லோ 'பேசுகிறேன்'. கடைசி ஓகாரத்தில் குறி போட்டால் 'அவர் பேசினார்'. அதனால் புதிதாகப் படிப்பவர்கள் ஒவ்வொரு வினையின் 'நான்' வடிவத்தையும் காதால் கேட்டுப் பழகுங்கள். 'அவர்கள்' வடிவம் தானாக வந்துவிடும்.